தோலுக்குள் எவ்வளவு தூரம்

மோர்டன்
02.02.2009, திங்கள்

அன்புள்ள யாக்கோப்பு அண்ணைக்கு,

இண்டைக்கு லண்டன் முழுக்க ஒரு பஸ்ஸும் ஓடேல்லை. கணுக்கால் தாழுற அளவுக்குப் பனி. நான் வேலை செய்யிற லாப்பும் பூட்டு. வேற வேலை இல்லாமல் பேனையை எடுத்தன் எண்டு நினைக்காதேங்கோ. ரெண்டு கிழமையில நாலு தரம் போன் எடுத்தன். நாலு தரமும் டொலறஸ் மச்சாள்தான் எடுத்தா. நாலு தரமும் நீங்கள் குளிச்சுக்கொண்டு இருந்தியளாம். கடிதம் எண்டால் கிழிக்க முதல் ஒருக்காலெண்டாலும் வாசிப்பியள்.

கோயில் ஹோலில நான் செய்தது பிழைதான். பொங்கல் ஒன்றுகூடல், சபை முழுக்க இருக்கு, ஜெனோஜா உங்கட கடையில வாங்கின சந்திரவதி கிரீமை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நிண்டவள். வைகாசியில கலியாணம், அதுக்குள்ள வெள்ளையா வரவேணுமாம். நான் டப்பாவை அவளின்ர கையில இருந்து வாங்கி, "இதைப் பூசாதை பிள்ளை, இதுக்குள்ள என்ன இருக்கெண்டு விக்கிற அண்ணைக்கே தெரியாது" எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில வைச்சிட்டுக் காருக்குப் போனதைப் பாத்தன். நான் சொன்ன இடத்துக்கு மன்னிப்புக் கேக்கிறன். சொன்ன விசயத்துக்கு இல்லை.

நான் என்ன வேலை செய்யிறன் எண்டு வீட்டில ஒருத்தருக்கும் விளங்கிறேல்லை எண்டு நீங்கள் பகிடி பண்ணுவியள். இதுதான் என்ர வேலை. தோலில ஒண்டைப் பூசினால் அது உள்ளுக்கு எவ்வளவு தூரம் போகுது, எவ்வளவு கெதியாப் போகுது எண்டு பாக்கிறது. முந்தி இதுக்கு ஒப்பரேசனில வெட்டி எடுத்த தோலை வைச்சுச் செய்வினம். இல்லாட்டி உயிரோட இருக்கிற ஆளின்ர தோலை பிளாஸ்டர் ஒட்டி ஒட்டி உரிப்பினம். இப்ப வெளிச்சம் போதும். ஒரு சின்னக் கண்ணாடி யன்னலில கையை வைச்சால், கீழ இருந்து லேசர் வெளிச்சம் தோலுக்குள்ள போகும். உள்ளுக்கு இருக்கிற ஒவ்வொரு பொருளும் அந்த வெளிச்சத்தை ஒவ்வொரு விதமா மாத்தித் திருப்பி அனுப்பும். எந்த ஆழத்தில என்ன இருக்கு எண்டு வெட்டாமல், குத்தாமல் சொல்லலாம்.

ஜெனோஜாவின்ர டப்பா என்னட்டத்தான் இருக்கு. அனுமதி எடுத்து, போன கிழமை என்ர கையிலதான் பூசி அளந்தனான். ஒரு சாமான் தெரியுது. அது என்னெண்டு நிச்சயமாச் சொல்ல இன்னும் வேலை இருக்கு. பாரிசில இருந்து உங்களுக்கு இதை அனுப்புற ஆளிட்ட, உள்ளுக்கு என்ன போடுறார் எண்டு ஒரு பேப்பரில எழுதி வாங்கித் தாங்கோ. அது போதும் எனக்கு.

மச்சாளை விசாரிச்சதாச் சொல்லுங்கோ.

தங்கச்சி
அஞ்சலீனா


ரெய்னர்ஸ் லேன்
11.02.2009

அஞ்சலீனாவுக்கு,

கடிதம் கிடைச்சது. கிழிக்கேல்லை. உன்ர எழுத்தைப் பாத்து நாலு வருசம், அதால வாசிச்சன்.

நீ மன்னிப்புக் கேக்கிற விதம் நல்லா இருக்கு. அடிச்சுப்போட்டு, அடிச்ச கைக்கு மட்டும் மன்னிப்பு. அடுத்த நாளே ஜெனோஜாவின்ர தாய் கடைக்கு வந்து, "உங்கட தங்கச்சியே அப்பிடிச் சொல்லுறா, பேந்தென்ன" எண்டு கேட்டா. நான் என்ன சொல்ல? படிச்ச தங்கச்சி, அண்ணன் முட்டாள் எண்டு சொல்லவோ?

பதினாலு வருசம் பாரிசில கோப்பை கழுவினன். உன்னைப் படிப்பிச்சதைச் சொல்லிக் காட்ட நான் வரேல்லை. ஆனால் அந்தக் கையால கழுவின சவுக்காரமும் தோலுக்குள்ள போயிருக்கும். அப்ப நீ வெளிச்சம் கொண்டுவந்து பாத்தனியோ?

கிரீம் அனுப்புறது கல்யாணசுந்தரம். உனக்கும் தெரியும் அவனை. ஒரே அறையில எட்டுப் பேர் படுத்த காலத்தில, எனக்குக் காய்ச்சல் எண்டு தன்ர ஷிப்டுக்குப் போகாமல் பக்கத்தில இருந்தவன். அவனிட்டப் போய், "மச்சான், நீ நஞ்சு போடேல்லை எண்டு எழுதித் தா" எண்டு கேக்கச் சொல்லுறாய். கேக்க மாட்டன்.

வன்னியில சனம் பங்கருக்குள்ள கிடக்குது. இஞ்சை நாங்கள் கடையைப் பூட்டிப்போட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால போய் நிக்கிறம். இந்த நேரத்தில நீ கிரீமுக்குள்ள என்ன இருக்கெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாய். இதுதான் படிப்பெண்டால் படி.

கடைசியா ஒண்டு. என்ர பெண்சாதி, உன்ர மச்சாள், ஆறு வருசமா அதைத்தான் பூசுறா. காலையும் பின்னேரமும். ஒண்டும் நடக்கேல்லை. உன்ர வெளிச்சத்தை விட எனக்கு அது பெரிய சாட்சி.

இனி எழுதாதை.

யாக்கோப்பு


மோர்டன்
22.02.2009, ஞாயிறு

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதாதை எண்டியள். எழுதுறன்.

முதலில முடிவைச் சொல்லுறன். ஹைட்ரோகுயினோன் எண்டு பேர். தோலில நிறம் உண்டாகிறதைத் தடுக்கிற மருந்து. டொக்டர் எழுதிக் குடுத்து, கொஞ்ச நாளைக்கு, பாத்துப் பாத்துப் பூசவேண்டியது. கடையில விக்கிற கிரீமில போடக்கூடாது எண்டு ஐரோப்பா முழுக்கத் தடை. உங்கட கிரீமில டொக்டர் குடுக்கிறதை விட ரெண்டு மடங்குக்கு மேல கிடக்கு. அதோட, அதைக் கெதியா உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போற ஒரு திரவமும் கலந்திருக்கு.

எங்கட தோலின்ர மேல் படை, தலைமயிரின்ர தடிப்பில நாலில ஒரு பங்குதான். ஆனால் அதுதான் வாசல். வழமையான கிரீம் அந்த வாசலிலேயே நிண்டுவிடும். இது என்ர கையில அரை மணித்தியாலத்தில வாசலைத் தாண்டிப்போட்டுது. கிராப்பில பாக்க, படியிறங்கி ஒரு ஆள் நடந்து போற மாதிரி இருந்தது. நான் ஆராரின்ர கையையோ எத்தனையோ தரம் அளந்திருக்கிறன். என்ர கையைப் பாக்கக் குளிர்ந்தது.

முதல் மாதங்கள் வெளுக்கும். அதாலதான் சனம் திரும்பித் திரும்பி வருது. வருசக்கணக்காப் பூசினால் சில பேருக்கு நேர்மாறா நடக்கும். கன்னத்தில நீலமும் கறுப்பும் கலந்த மாதிரிப் படை வரும். அது கறுக்குது எண்டு பயந்து இன்னும் கூடப் பூசுவினம். இன்னும் கறுக்கும்.

அண்ணை, நீங்கள் எழுதின எல்லாத்தையும் ஒருக்காத்தான் வாசிச்சன். "ஆறு வருசமா" எண்ட வரியை மட்டும் எத்தினை தரம் எண்டு எண்ணேல்லை. கிறிஸ்மசுக்கு வந்த நேரம் மச்சாள் வீட்டுக்குள்ளயும் சால்வையைக் காதோட இழுத்து மூடிக்கொண்டு இருந்தா. யன்னலுக்குப் பக்கத்தில இருந்த கதிரையில இருக்கச் சொன்னன், இருக்க மாட்டன் எண்டா. பவுடர் அவ்வளவு தடிப்பா முந்தி போட மாட்டா. கோயில் பூசையிலயும் கடைசி வாங்கிலதான் இருப்பா. நீங்கள் கடைசியா எப்ப அவவின்ர முகத்தை ஒண்டும் பூசாமல் பாத்தனீங்கள்?

அவவை ஒருக்கா இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. ஊசி இல்லை, வெட்டு இல்லை, தழும்பு இல்லை. கன்னத்தைக் கண்ணாடியில வைச்சுக்கொண்டு இருக்கவேணும், அவ்வளவுதான்.

அடுத்ததை எழுதக் கை வருகுதில்லை. இதைத் தெரிஞ்சுகொண்டு நான் சும்மா இருக்கேலாது. கவுன்சிலில இதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம். நீங்களாவே நிப்பாட்டி, நீங்களாவே போய்ச் சொன்னால் அது வேற. பங்குனி கடைசி, மார்ச் 31 வரைக்கும் பொறுக்கிறன். பொறுக்கிற ஒவ்வொரு நாளும் ஆரோ ஒரு பிள்ளை பூசுது எண்டும் தெரியும். அண்ணன் எண்டதாலதான் பொறுக்கிறன். அது சரியோ எண்டு தெரியேல்லை.

அஞ்சலீனா


ரெய்னர்ஸ் லேன்
27.03.2009

அஞ்சலீனா,

பங்குனி கடைசி எண்டு எழுதினாய். இருபத்தஞ்சாம் திகதியே ஆக்களை அனுப்பிப்போட்டாய். ஒரு கிழமை கூடப் பொறுக்க உனக்கு ஏலாமல் போச்சு.

புதன்கிழமை, பதினொரு மணி. கடையில சனம். ஒரு மனிசனும் ஒரு மனிசியும், கழுத்தில கவுன்சில் அட்டை. நேரா மூண்டாவது தட்டுக்குப் போச்சினம். எங்க இருக்கெண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை. ஆரோ வடிவாச் சொல்லித்தான் அனுப்பியிருக்கு. பின்னறையில இருந்த பெட்டியளையும் கேட்டவை. சந்திரவதி முழுக்கப் பையில போட்டு, கட்டி, நம்பர் ஒட்டி, வானில ஏத்தினவை. சீலை வாங்க வந்த பொம்பிளையள் ரெண்டு பக்கமும் விலகி வழி விட்டவை, பிரேதம் போற மாதிரி.

விசாரணைக்குக் கூப்பிடுவினமாம். நான் சொல்லுறது எல்லாம் பதியப்படுமாம். சட்டத்தரணியைக் கொண்டு வரலாமாம். நான் வாழ்க்கையில ஒரு பொலிஸ் ஸ்டேசன் படி ஏறினதில்லை. ஊரிலயும் இல்லை, பிரான்சிலயும் இல்லை.

உன்ர மச்சாள் கல்லாவில நிண்டவ. மரம் மாதிரி நிண்டா. அவவுக்கும் சேத்து நீ பதில் சொல்லவேணும்.

கல்யாணசுந்தரம் போன் எடுத்தான். தன்ர பேரைச் சொல்லவேண்டாமாம், ஆரோ வெள்ளைக்காரன் கொண்டுவந்து தந்தது எண்டு சொல்லட்டாம். அப்பிடித்தான் சொல்லப்போறன். அவனையாவது காப்பாத்துவன். கூடப் பிறந்ததுகளை நம்பினதுக்கு இது காணும்.

பெரிய வெள்ளிக்குக் கோயிலில என்னைக் கண்டால் பக்கத்தில வராதை. ஆரும் கேட்டால், தங்கச்சி இல்லை எண்டு சொல்லுவன்.

யாக்கோப்பு


மோர்டன்
09.04.2009, பெரிய வியாழன்

அண்ணைக்கு,

நாளைக்குக் கோயிலில பக்கத்தில வர மாட்டன். பயப்பிடாதேங்கோ.

கவுன்சிலுக்கு ஆர் சொன்னது எண்டதைப் பற்றி நான் ஒண்டும் எழுதப்போறேல்லை. நான்தான் எண்டு நினைச்சால் நினையுங்கோ. எப்பிடியும் ஆறு நாளில நான் சொல்லத்தான் இருந்தனான். அதால உங்கட கோபம் பிழையான ஆளில விழேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுவம்.

ஆனால் ஒண்டு கேக்கிறன். விசாரணையில பொய் சொல்லாதேங்கோ. வெள்ளைக்காரன் கதையை அவை ஒரு நாளும் நம்பமாட்டினம். நீங்கள் தெரியாமல் வித்தீங்கள். அது உண்மை. தெரிஞ்ச பிறகு மறைச்சால் அதுவும் உண்மையாப் போடும். கல்யாணசுந்தரம் அண்ணை உங்களுக்குக் காய்ச்சலில பக்கத்தில இருந்தவர் எண்டது சரி. இப்ப பாரிசில எத்தினை கடைக்கு அதே டப்பா போகுது எண்டும் யோசியுங்கோ.

மச்சாளோட சத்தம் போடாமல் கதையுங்கோ. அவவிட்டக் கேக்கிறதை மெதுவாக் கேளுங்கோ. அவ்வளவுதான் எழுத ஏலும்.

அஞ்சலீனா


ரெய்னர்ஸ் லேன்
21.06.2009, ஞாயிறு

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

சித்திரையும் வைகாசியும் எப்பிடிப் போனது எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆரும் ஆரோடையும் கதைக்கிற நிலையில இருக்கேல்லை. நான் எழுத வந்தது வேற.

போன மாசக் கடைசியில ஆஸ்பத்திரியில இருந்து ஒரு கடிதம் வந்தது. உன்ர மச்சாளின்ர பேருக்கு. நான்தான் வழமையா உடைக்கிறது, உடைச்சன். தோல் பகுதியில அப்பொயின்ட்மென்ட். என்னெண்டு கேட்டன். நீ எழுதின மாதிரி மெதுவாத்தான் கேட்டன் எண்டு சொன்னால் பொய். சத்தமாத்தான் கேட்டன்.

அவ குசினியில நிண்டவ. பைப்பில தண்ணியைத் திறந்து, சவுக்காரம் போட்டு, முகத்தைக் கழுவினா. கழுவிப்போட்டு யன்னல் பக்கம் திரும்பி நிண்டா. "பாருங்கோ" எண்டா.

அஞ்சலி, நான் அந்த முகத்தைக் காணேல்லை. ஒரே வீட்டில இருந்தும் காணேல்லை. ரெண்டு கன்னத்திலயும் கண்ணுக்குக் கீழ, கரி பூசினது போல. கரியும் இல்லை, அடிபட்டுக் கண்டின மாதிரி ஒரு நீலம். நான் எழும்பும்போது அவ பவுடரோட, நான் படுக்கும்போதும் பவுடரோட. இவ்வளவு நாளும் எனக்கு அது பழக்கம் எண்டுதான் பட்டது.

பேந்து எல்லாம் சொன்னா. நான் குப்பைக்குள்ள போட்ட உன்ர மாசிக் கடிதத்தை அவ எடுத்து வாசிச்சிருக்கிறா. பல்லு டொக்டரிட்டப் போறன் எண்டு என்னட்டச் சொல்லிப்போட்டு, ட்ரெயின் மாறி மாறித் தனிய உன்ர லாப்புக்கு வந்திருக்கிறா. ரெய்னர்ஸ் லேனில இருந்து தனிய ட்ரெயின் ஏறினது அதுதான் முதல் தரம். கவுன்சிலுக்குப் போன் எடுத்ததும் அவதான். எங்கட கடைப் போனில. நான் பாங்குக்குப் போன நேரம். மூண்டாவது தட்டு எண்டு சொன்னதும் அவதான்.

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"சொன்னால் நிப்பாட்டியிருப்பியளோ?"

அவ என்ர பதிலுக்குப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை. "ஏன் பூசத் தொடங்கினன் எண்டு கேளுங்கோ" எண்டா.

கேட்டன். கேட்டிருக்கத் தேவையில்லை, எனக்கே ஞாபகம் வந்தது. 2003, பாரிஸ் எயார்போட். மன்னாரில இருந்து அவ கலியாணம் பேசி வந்து இறங்கின நாள். கல்யாணசுந்தரமும் கூட வந்தவன். கதவால அவ வெளிய வர, நான் அவனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு, "போட்டோக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான் மச்சான்" எண்டு சொன்னன். பகிடிதான். சத்தியமாப் பகிடி. அவவுக்குக் கேட்டிருக்கும் எண்டு கூட நினைக்கேல்லை. அடுத்த கிழமை கல்யாணசுந்தரம் ஒரு டப்பா கொண்டுவந்து குடுத்தானாம், "தங்கச்சி, இதைப் பூசும்" எண்டு. நானும் பக்கத்தில நிண்டு, நல்லது எண்டு சொன்னனாம். ரெண்டாவது எனக்கு ஞாபகம் இல்லை. அவவுக்கு இருக்கு.

பிறகு அவவின்ர முகம் வெளுத்ததைப் பாத்துத்தான் நான் அதைக் கடைக்கு எடுத்தன்.

போன செவ்வாய் விசாரணை நடந்தது. வெள்ளைக்காரன் கதையைச் சொல்லத்தான் போனன். அந்தக் கவுன்சில் பிள்ளை ரெக்கோடரைப் போட்டு, "ஆர் தந்தது?" எண்டு கேக்க, வாயில வந்தது கல்யாணசுந்தரம். முழுப் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் சொன்னன். அவன் இப்ப என்னோட கதைக்கிறேல்லை. கேஸ் கோட்டுக்குப் போகும் எண்டு சட்டத்தரணி சொல்லுறார். போகட்டும்.

ஜெனோஜா கலியாணம் முடிஞ்சு இப்ப கிழக்கு லண்டனில இருக்கிறாள். நீ பறிச்ச டப்பாவுக்குப் பிறகு அவள் ரகசியமா இன்னும் ரெண்டு வாங்கினவள், என்னட்டத்தான். நானும் உன்ர மச்சாளும் போய்ச் சொன்னம். நான் வளவளவெண்டு கதைச்சுக்கொண்டு இருந்தன், அவள் நம்புற மாதிரித் தெரியேல்லை. மச்சாள் கைக்குட்டையைத் தண்ணியில நனைச்சு, ஒரு பக்கக் கன்னத்தைத் துடைச்சுக் காட்டினா. அந்தப் பிள்ளை எழும்பிப் போய், டப்பாவைக் கொண்டுவந்து என்ர கையில தந்தாள். இப்ப மச்சாள் கடைக்கு வாற பழைய ஆக்களுக்கும் அப்பிடித்தான் செய்யிறா. நான் பக்கத்தில நிக்கிறன். நிக்கிறது லேசில்லை.

பங்குனியில உனக்கு எழுதினதைக் கிழிச்சுப்போடு. அவ சொன்னதை நீ மறைச்சு, என்ர பேச்சை எல்லாம் நீ வாங்கினாய். பிழை என்னில.

ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. மருந்து, லேசர், எந்த நாட்டுக்குப் போறதெண்டாலும் சரி. அந்த முகம் திரும்ப வருமோ?

அண்ணன்
யாக்கோப்பு


மோர்டன்
28.06.2009

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதத்தை நேற்றுச் சனிக்கிழமை வாசிச்சன். உடன போன் எடுக்கத்தான் நினைச்சன். போனில சொன்னால் நீங்கள் இடையில வேற கதைக்குப் போவியள். அதால எழுதுறன்.

மச்சாள் வந்த நாளை முதலில சொல்லவேணும். பங்குனி பத்தாம் திகதி, செவ்வாய். ஸ்டேசனில நிண்டு போன் எடுத்து, "நான் வந்திட்டன், எந்தப் பக்கம் வாசல்?" எண்டு கேட்டா. படிவம் இங்கிலீசில இருந்தது. ஒவ்வொரு வரியா விளங்கப்படுத்தினன், எல்லாத்தையும் கேட்டுப்போட்டுத்தான் கையெழுத்து வைச்சா. சொந்தக்காரர் எண்டதால நான் அளக்கக்கூடாது. கூட வேலை செய்யிற பிள்ளை அளந்தவ. நான் திரைக்கு மற்றப் பக்கம் நிண்டு மச்சாளுக்குத் தமிழில சொல்லிக்கொண்டு இருந்தன். அண்டைக்குக் காலமையும் கிரீம் பூசிக்கொண்டுதான் வந்தவ.

கன்னத்தைக் கண்ணாடியில வைச்சு அசையாமல் இருந்தா. கண்ணாலதான் தண்ணி வந்தது. தண்ணி பட்டால் அளவு பிழைக்கும் எண்டு நான் சொல்ல, "அப்ப கொஞ்சம் பொறுங்கோ" எண்டு துடைச்சுப்போட்டுத் திரும்ப வைச்சா. முடிய கிராப்பைக் காட்டினன். முகத்துத் தோல் மெல்லிசு. என்ர கையில போனதை விடக் கெதியாவும் ஆழமாவும் போயிருந்தது. அவ விரலால அந்தக் கோட்டை மேல இருந்து கீழ வரைக்கும் தொட்டுக்கொண்டு போனா. எங்கட லாப் சாமானை மட்டும்தான் அளக்கும், வருத்தம் என்னெண்டு சொல்லாது, டொக்டரிட்டப் போகவேணும் எண்டன். கவுன்சில் நம்பரையும் கேட்டா. நான் எழுதிக் குடுத்தன். "அவருக்குச் சொல்லாதேங்கோ, நானே சொல்லுவன்" எண்டா. அதாலதான் நான் வாயைத் திறக்கேல்லை. உங்களைக் காப்பாத்தவோ என்னைப் பெரிய ஆளாக் காட்டவோ இல்லை. அவவின்ர விசயம், அவ சொல்லவேணும்.

இனி நீங்கள் கேட்டது. ஒளிக்காமல் சொல்லச் சொன்னியள்.

வராது அண்ணை. முழுசா வராது. பூசுறதை நிப்பாட்டினதால இதுக்கு மேல கறுக்காது. வெய்யில் படாமல் பாத்தால், வருசக்கணக்கில கொஞ்சம் மங்கும். சில இடத்தில லேசர் செய்து பாக்கினம், சில பேருக்கு அது இன்னும் மோசமாக்கியிருக்கு. ஆஸ்பத்திரி டொக்டரும் இதைத்தான் சொன்னவர். எந்த நாட்டுக்குப் போனாலும் இதைத்தான் சொல்லுவினம்.

மச்சாளுக்கு இது தெரியும். முந்தநாள் வெள்ளி டொக்டரிட்ட நான்தான் கூடப் போய் மொழிபெயர்த்தனான். அவர் சொன்னதை அப்பிடியே சொன்னன். நான் பயந்துபோய், அண்ணைக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டன்.

"உள்ளபடி சொல்லுங்கோ" எண்டா. கோட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினா. "அவர் பாத்துப் பழகட்டும்."

அஞ்சலீனா